ஒரே ஒரு ஓட்டை

வறண்ட ஆற்றுப்படுகையின் நடுவில் என் மோட்டார் சைக்கிள் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன், பெட்ரோல் குழாயை மூடினேன். கார்புரேட்டரிலிருந்து கசிந்த பெட்ரோல் கூழாங்கற்கள் மேல் விழுந்த வேகத்திலேயே காய்ந்துபோனது. பக்கத்தில் இருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து, என் முழங்காலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்பே வண்டியைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கிளட்ச் லீவர் திரும்பியிருந்தது, முறியவில்லை. ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்கியிருந்தது, வளையவில்லை. பக்கவாட்டுப் பை கல்லில் உரசி ஒரு தையல் பிரிந்திருந்தது. இன்ஜினுக்கு அடியில் நான் பொருத்தியிருந்த அலுமினியத் தகட்டில் விரல் நீளத்துக்குப் புதிய கீறல் ஒன்று பளபளத்தது. அந்தக் கீறலை நான் தடவிப் பார்த்த மகிழ்ச்சியை விளக்கிச் சொல்வது கடினம். தகடு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கல் ஆயில் வடிக்கும் திருகில் விழுந்திருக்கும். மனித நடமாட்டமே இல்லாத அந்த இடத்தில் என் பயணம் அத்தோடு முடிந்திருக்கும்.

மூச்சு சீரானதும் கியரைப் போட்டு வைத்தேன், உருளாமல் இருக்க. வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை இருக்கையின் விளிம்பில் அழுத்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, கால்களால் பின்னோக்கி நடந்தேன். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு மெதுவாக எழுந்து நின்றது. இரண்டாவது உதையில் இன்ஜின் ஓடத் தொடங்கியது.

வண்டி 1975-ஆம் ஆண்டின் யமஹா எக்ஸ்.எஸ். 650. இரட்டைச் சிலிண்டர், 653 சிசி, இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் பழைய பாணி. தார்ச் சாலைக்காகவே வடிக்கப்பட்டது. முன்னால் 19 அங்குலச் சக்கரம், பின்னால் 18. தாழ்வாக ஓடும் இரண்டு சைலன்சர்கள், குரோம் மட்கார்டுகள், மெத்தென்ற நீண்ட இருக்கை. கரடுமுரடான பாதைக்கென்று ஒரு திருகுகூட அதில் கிடையாது. இதே வகை வண்டிகள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு, சாப்பர், பாபர் என்று சொல்லப்படும் உருமாறிய வண்டிகளாகியிருக்கின்றன. இன்ஜின் அவ்வளவு உறுதி. அதனாலேயே சுற்றியிருப்பதை எல்லாரும் துணிந்து அறுக்கிறார்கள்.

என்னுடையது அறுபடாமல் என்னிடம் வந்தது. அதன் எடையைக் கால்களால் தாங்க முடியாத வயது வந்துவிட்டதால் விற்ற பெரியவர், சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "நன்றாக ஓட்டு தம்பி. வெட்டிமட்டும் விடாதே." நான் தலையாட்டினேன். கரட்டுப் பாதையில் நெடும்பயணம் போக அதை மாற்றலாம் என்ற எண்ணம் அப்போது எனக்கு இல்லை. ஓராண்டு கழித்து அந்த எண்ணம் வந்தபோது, கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. வண்டியின் எலும்புக்கூடான இரும்புச் சட்டத்தை அறுப்பதில்லை, அதில் எதையும் பற்றவைப்பதில்லை, பழைய பாகங்களில் ஓட்டை போடுவதில்லை. கழற்றும் ஒவ்வொன்றும் பெயர்ச்சீட்டுடன் பெட்டிக்குள் போகும். யார் வேண்டுமானாலும் ஒரு வார இறுதியில், கையில் ஸ்பேனர்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த வண்டியை 1975-க்குத் திருப்பிக் கொண்டுபோக முடிய வேண்டும். கைகளைக் கட்டிப்போடும் நிபந்தனை இது என்று முதலில் நினைத்தேன். வெட்டுவதற்கு அனுமதி இருந்திருந்தால் நான் எத்தனை தவறுகளைச் செய்திருப்பேன் என்பது பிறகுதான் புரிந்தது.

சாலை வண்டியை மண்ணுக்குக் கொண்டுபோவது புதிய யோசனை அல்ல. 1962 மார்ச்சில் டேவ் எக்கின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, ஏறத்தாழ 1,500 கி.மீ., 250 சிசி ஹோண்டா சி.எல். 72-களில் போனார்கள். எக்கின்ஸ் எடுத்துக்கொண்டது 40 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் தந்தி அலுவலகங்களே சாட்சி. அந்த ஹோண்டாவின் இன்ஜின் சாலை வண்டியான சி.பி. 72-இன் வழி வந்தது. 1964-இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டில் நடந்த, கரட்டுப் பாதையில் ஓட்டும் சர்வதேச ஆறு நாள் சோதனை ஓட்டத்துக்கு அமெரிக்க அணி டிரயம்ப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளை எடுத்துச் சென்றது. அந்த அணியில் நடிகர் ஸ்டீவ் மெக்வீனும் இருந்தார். பி.எம்.டபிள்யூ. தன் சாலை வண்டியின் இன்ஜினையே வைத்து 1980-இல் ஆர் 80 ஜி/எஸ்ஸை வெளியிட்டது. அந்த இரண்டு எழுத்துகளுக்கும் கரட்டு நிலம், சாலை என்பதே பொருள். மறு ஆண்டே, சஹாரா பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ் - டக்கார் ஓட்டத்தில் ஊபேர் ஓரியோல் பி.எம்.டபிள்யூ.வில் வென்றார்.

இவற்றைவிட எனக்கு நெருக்கமானவர்கள் பந்தயத்துக்குப் போகாத இருவர். டெட் சைமன் 1973-இல் ஒரு 500 சிசி டிரயம்ப்பில் உலகைச் சுற்றக் கிளம்பி நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். எல்ஸ்பெத் பியர்ட் 1982-இல் ஒரு 1974-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. ஆர் 60/6-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த காலத்தில் அலுமினியப் பெட்டிகளைத் தானே செய்து பொருத்திக்கொண்டார். 1984-இல் வீடு திரும்பினார். இரண்டுமே சாலை வண்டிகள். எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த இரண்டு பயணங்களையும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் கிடைத்த பதில், நீ நினைப்பதைவிடக் குறைவாக.

முதல் ஆறு மாதம் நான் எதையும் மாற்றவில்லை, சரிசெய்தேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண் பாதைக்கான பட்டன் டயர்களையும் உயர்ந்த சைலன்சரையும் முதலில் வாங்கி மாட்டிவிட்டு, ஐம்பதாண்டுப் பழைய பேரிங்குகளுடன் மலையேறும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கையை ஸ்விங் ஆர்ம் என்பார்கள். எக்ஸ்.எஸ். 650-இல் அதன் அச்சில் தொழிற்சாலை போட்டது பிளாஸ்டிக் புஷ்கள். அவை தேய்ந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். வளைவில் வண்டி இடுப்பை ஆட்டும். வெண்கலப் புஷ்களைப் போட்டதும் வேறு வண்டியில் உட்கார்ந்தது போல இருந்தது. ஸ்டீயரிங் தலையில் இருந்த தளர்ந்த குண்டு பேரிங்குகளுக்குப் பதிலாகக் கூம்பு உருளை பேரிங்குகள். ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் வலைச் சல்லடை இந்த இன்ஜினில் கிழிவது சகஜம். என்னுடையதும் கிழிந்திருந்தது. அதுவரை சரியாக வடிகட்டப்படாத ஆயில்தான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளைச் சோதித்தேன், கார்பன் பிரஷ்களை மாற்றினேன், கூடுதலாக ஒரு ஜோடியை இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்தேன். இந்த மாடலில் பயணிகளை நடுவழியில் நிறுத்துவது பல நேரம் அந்தச் சின்னக் கார்பன் துண்டுகள்தான்.

அடுத்து எடை. எதையும் சேர்ப்பதற்கு முன் கழற்ற வேண்டும். இரண்டு சைலன்சர்கள், முன் மட்கார்டு, கைப்பிடிக் கம்பிகள், சென்டர் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டில்தான் மனம் தடுமாறியது. டியூப் உள்ள சக்கரத்தில் பஞ்சர் ஒட்டும்போது அதன் அருமை தெரியும். ஆனால் அது இன்ஜினுக்குக் கீழே தொங்கும் கொக்கி. கற்படுகையில் முதலில் மாட்டுவது அதுதான். கழற்றிவிட்டு, அதற்கு ஈடாக ஸ்விங் ஆர்முக்கு முட்டுக் கொடுக்க நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுமினியக் குழாய் ஒன்றைச் செய்துகொண்டேன். சைடு ஸ்டாண்டு ஒருபுறம், குழாய் மறுபுறம், பின்சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கி நிற்கும். பஞ்சர் ஒட்ட அது போதும்.

இனி நான் அதிக நாள் செலவிட்ட இடம், முன்சக்கரம்.

19 அங்குலச் சக்கரத்தோடு மண்ணில் போக முடியாதா என்றால், முடியும். 21 அங்குலத்துக்கு நான் மாறியதற்கு இரண்டு காரணங்கள். பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் விழுவதற்குப் பதிலாக அதன்மேல் உருண்டு கடக்கிறது. கல்லின் விளிம்பில் மோதும் கோணமும் மென்மையாகிறது. இன்னொன்று, கரட்டுப் பாதைக்கான நல்ல டயர்கள் 21-க்கும் 18-க்கும்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. பின்சக்கரம் ஏற்கெனவே 18 என்பது என் அதிர்ஷ்டம். பழைய சக்கரத்தைப் பிரிக்க மனமில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் இன்னொன்றைத் தேடி வாங்கி, அதில் புதிய ரிம்மையும் ஸ்போக்குகளையும் கோத்தேன். 19 அங்குலச் சக்கரம் டயரோடு துணியில் சுற்றப்பட்டுப் பரணில் இருக்கிறது.

மாட்டிப் பார்த்தவுடன் ஒன்று தெரிந்தது: மோட்டார் சைக்கிளில் எந்தப் பாகத்தையும் தனியாக மாற்ற முடியாது. நான் அளந்தவரையில் புதிய சக்கரத்தின் ஆரம் பழையதைவிட 18 மி.மீ. அதிகம். அதனால் வண்டியின் மூக்கு 18 மி.மீ. உயர்ந்தது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடியது. ஸ்டீயரிங் அச்சைக் கற்பனையில் நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் ஒரு தூரம் உண்டு. டிரெயில் என்பார்கள். வண்டி நேராகப் போக விரும்புவதும், திரும்ப மறுப்பதும், மணலில் தடுமாறுவதும் இந்த ஒரு தூரத்தைப் பொறுத்தவை. ஃபோர்க்கின் சாய்வு 27 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், சக்கர ஆரம் 18 மி.மீ. கூடியதற்கே டிரெயில் 9 மி.மீ. கூடுகிறது. மூக்கு உயர்ந்து சாய்வு கூடுவதால் இன்னும் ஒரு 5 மி.மீ. ஏறிக்கொள்ளும். முதல் நாள் ஓட்டியபோது வண்டி மெதுவான வளைவுகளில் மரக்கட்டை போல இருந்தது. கைகளால் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

வெட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஸ்டீயரிங் தலையையே வேறு கோணத்தில் பற்றவைப்பதுண்டு. அந்தக் கதவு எனக்கு மூடியிருந்ததால் பின்பக்கத்தைப் பார்த்தேன். பின் ஷாக் அப்சார்பர்கள் 25 மி.மீ. நீளமாக இருந்தால், அவை சற்றுச் சாய்ந்தும் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னாலும் இருப்பதால், வண்டியின் பின்பகுதி ஏறத்தாழ 30 மி.மீ. உயரும். முன்னால் உயர்ந்த 18-ஐக் கழித்தால் மிச்சம் 12. இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 1,435 மி.மீ. இருக்கும் வண்டியில் அந்த 12 மி.மீ. சட்டத்தை அரை டிகிரி முன்னோக்கிக் கவிழ்க்கிறது. கூடியிருந்த டிரெயிலில் பாதிக்கு மேல் திரும்பிப் போய்விட்டது. மிச்சமிருந்த 5 மி.மீ.யை வேண்டுமென்றே விட்டேன். சரளைக் கற்கள் மேல் 60 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் இங்கும் அங்கும் நழுவும்போது, தானாக நேரே திரும்பிவரும் குணம் வேண்டும். அந்த 5 மி.மீ. அதற்குத்தான்.

ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர், நான்கு நட்டுகள். ஒரு காகிதத்தில் முக்கோணம் வரைந்து கண்டுபிடித்த விடை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் பின்பக்கம் உயர்ந்ததும் மூன்று புதிய வேலைகள் முளைத்தன. செயின் இறங்கும் கோணம் செங்குத்தாகி ஸ்விங் ஆர்மின் மேற்புறத்தை உரசத் தொடங்கியது. அங்கே தேய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நைலான் பட்டையைக் கவ்விவைத்தேன். சைடு ஸ்டாண்டு குட்டையாகி வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தது. ஸ்டாண்டின் பாதத்தில் அகலமான அலுமினியத் தகட்டைக் கவ்விப் பொருத்தினேன். அது உயரத்தையும் கொடுத்தது, மணலில் புதையாமலும் காத்தது. மூன்றாவது என் கால்கள். நிற்கும்போது இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்த காலம் போய், முன்பாதம் மட்டும் பட்டது. இருக்கையின் பஞ்சை அறுத்துத் தாழ்த்தலாம். அது பழைய இருக்கை என்பதால் தொடவில்லை. இன்னொரு இருக்கைத் தளத்தை வாங்கி, மெல்லிய கெட்டியான பஞ்சு வைத்துத் தைத்தேன். முன்பகுதி குறுகலாக இருப்பதால் கால் கீழே நேராக இறங்குகிறது. பயணத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் தொடை வலிக்கிறது, உண்மைதான். ஆனால் இந்த வண்டியில் நான்கு மணி நேரம் தொடர்ந்து யாரும் உட்காரப் போவதில்லை.

ஏனென்றால் கரட்டுப் பாதையில் நின்றுதான் ஓட்ட வேண்டும். சஸ்பென்ஷனின் அசைவு என் வண்டியில் முன்னால் 150 மி.மீ., பின்னால் அதில் ஏறக்குறைய பாதி. பாலைவனப் பந்தய வண்டிகளில் இது 300 மி.மீ. வரை இருக்கும். மீதியை முழங்கால்கள்தான் கொடுக்க வேண்டும். சாலை வண்டியின் ஹேண்டில்பார் உட்கார்ந்தவனுக்காக அளக்கப்பட்டது; நின்றால் முதுகு வில்லாக வளையும். உயர்ந்த, அகலமான பார் போட்டேன். அந்த உயரத்துக்கு எட்ட நீளமான கேபிள்களும் பிரேக் குழாயும் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ரப்பர் ஃபுட்ரெஸ்ட்டுகளுக்குப் பதில் பல் வைத்த அகலமானவை. விழும்போது மேலே மடங்கும் ஸ்பிரிங் உள்ளவை. மடங்காத ஃபுட்ரெஸ்ட் கல்லில் இடித்தால் அந்த அடி நேராகச் சட்டத்துக்குப் போகும். லீவர்களின் பிடியை முழுதாக இறுக்காமல், கையால் பலமாகத் தள்ளினால் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். ஆற்றுப்படுகையில் முறியாமல் தப்பியதற்கு அதுவே காரணம்.

பழைய கிளட்ச் கேபிளுக்கு அருகிலேயே புதிய கேபிள் ஒன்றையும் வழி முழுக்கச் சேர்த்துக் கட்டிவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அறுந்தால் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். இதற்கு ஆகும் செலவு ஒரு கேபிள். இதைச் செய்யாமல் நெடும்பயணம் போகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

கியர் விகிதம் எளிது. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 17 பற்கள், பின்னால் 34. சரியாக 2. முன்னால் 16, பின்னால் 36 என்று மாற்றியதில் 2.25. முதல் கியரில் நடை வேகத்தில் கிளட்சைத் தொடாமல் ஏற்றம் ஏற முடிகிறது. தார்ச் சாலையில் 100 கி.மீ. வேகத்துக்கு மேல் இன்ஜின் முணுமுணுக்கிறது. நான் அந்த வேகத்தில் போவதில்லை. வேகமானி முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால் கியர் மாற்றம் அதைப் பாதிக்காது. ஆனால் பெரிய சக்கரம் பாதிக்கிறது. மீட்டர் 100 கி.மீ. என்று காட்டும்போது வண்டி உண்மையில் 105 போயிருக்கிறது. 15 லிட்டர் டேங்க்கை நம்பி ஆளற்ற பாதைகளில் போகிறவன் இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

காற்று வடிகட்டி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய வண்டியை மாற்றுகிறவர்கள் முதலில் தூக்கியெறிவது வடிகட்டிப் பெட்டியை. அதற்குப் பதிலாகக் கார்புரேட்டரின் வாயில் கூம்பு வடிவச் சின்ன வடிகட்டிகளை மாட்டுவார்கள். வண்டியின் நடுப்பகுதி வெற்றிடமாகி அழகாகத் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டியின் மிக்குனி கார்புரேட்டர்கள் காற்றின் வெற்றிட அழுத்தத்தால் தானே ஏறி இறங்கும் பிஸ்டனைக் கொண்டவை. பெட்டிக்குள் இருக்கும் அமைதியான காற்றை நம்பியே அவை வடிவமைக்கப்பட்டன. பெட்டியை எடுத்தால் நடு வேகத்தில் திணறும். அதைவிட முக்கியம், தூசு. முன்னால் போகும் வண்டி கிளப்பும் நுண்ணிய மண் பிஸ்டன் வளையங்களை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஓடையைக் கடக்கும்போது தெறிக்கும் தண்ணீரும் நேரே உள்ளே போகும். நான் பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, காகித வடிகட்டிக்குப் பதில் எண்ணெயில் நனைத்த பஞ்சு வடிகட்டியை அதனுள் வெட்டி அமைத்தேன். தூசான நாட்களில் மாலையில் கழுவி, எண்ணெய் தடவி, மறுநாள் மாட்டுவேன்.

விளக்கு, ஹாரன், வயரிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் எல்.இ.டி. முன்விளக்கு, நீர் புகாத இணைப்புகள், புதிய ஃப்யூஸ் பெட்டி. முடிந்தது.

அடித்தகடு 4 மி.மீ. அலுமினியம். சட்டத்தின் இரண்டு கீழ்க்குழாய்களையும் ரப்பர் வைத்த கவ்விகளால் பிடித்திருக்கிறது. ஆயில் வடிக்கும் திருகுகளுக்கு நேராக வட்டத் துளைகள் விட்டேன். ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஆயில் மாற்றுவதை மனம் தள்ளிப்போடும்.

இனி சுமை. என் கணக்குகள் பொய்த்த இடம் இதுதான்.

மென்மையான பைகள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. உலோகப் பெட்டிகள் பூட்டலாம், நனையாது. ஆனால் மணலில் காலை ஊன்றும்போது பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் இடிக்கும், விழுந்தால் கால் அடியில் சிக்கும். எடையையும் பார்க்க வேண்டும். பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் 10 கிலோவைக் கட்டினால், அது முன்சக்கரத்திலிருந்து கிட்டத்தட்ட 3 கிலோவை எடுத்துவிடுகிறது. சரளையில் முன்சக்கரத்துக்குக் கனம் வேண்டும். அதனால் கருவிகளையும் உதிரிகளையும் அடித்தகட்டின் முன்புறத்தில் ஒரு குழாய்க்குள் வைத்தேன். இருக்கைக்குப் பின்னால் கூடாரமும் துணியும் மட்டும்.

பைகளைத் தாங்கும் கம்பிச் சட்டத்தை மட்கார்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளில் மாட்டினேன். அங்கே ஏற்கெனவே துளைகள் இருந்தன, புதிதாக எதையும் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதி. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி இறங்கும் இன்ஜினின் அதிர்வை நான் போதிய அளவு மதிக்கவில்லை. முதல் நெடும்பயணத்தின் மூன்றாம் நாள், தகர ஒலி கேட்டுத் திரும்பிப் பார்த்தால், இடப்பக்கத் தாங்கி முறிந்து பை சக்கரத்தை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால் பங்கு வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்ட வரிகள் போல வளைகோடுகள்; கடைசிக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் முறிந்ததல்ல. மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, கடைசி மீதி ஒரு குழியில் கைவிட்டிருக்கிறது.

தள்ளாமல் ஓட்டியே அடுத்த ஊருக்குப் போனேன். டிராக்டர் பழுதுபார்க்கும் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "இங்கே சேர்த்துப் பற்றவைத்துவிடலாம் தம்பி. பத்து நிமிஷம். இனி ஜென்மத்துக்கும் அசையாது." அவர் சொன்னது நடைமுறைக்குச் சரி. என் பையிலோ இன்னும் எட்டு நாள் பயணம் இருந்தது.

"சட்டத்தில் வேண்டாம், ஐயா" என்றேன். "ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

அவர் காரணம் கேட்கவில்லை. மட்கார்டை விரலால் சுண்டினார். "அப்படியானால் இதில் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே தகடு வைத்து முடுக்கலாம். தகடு பலத்தைப் பரப்பிக்கொள்ளும். ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும்." பின் மட்கார்டு பழையது, பின்விளக்கின் வயர்கள் அதன் வழியே ஓடுவதால் அதை மாற்றாமல் விட்டிருந்தேன். அந்தக் குரோம் மேல் துளையிடும் ஊசி இறங்கியபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். 8 மி.மீ. ஓட்டை. எட்டு நாளும் தாங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சுமைச் சட்டத்தைப் புதிதாகச் செய்தேன். மேல் நுனி ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில், கீழ் நுனி பின்னிருக்கைக்காரரின் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டில். இரண்டுமே ஒரு முழு ஆளின் எடையைத் தாங்கவென்று தொழிற்சாலையே அமைத்த இடங்கள். பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். இணைப்புகளில் ரப்பர் வளையங்கள். அதற்குப் பிறகு இரண்டு பயணங்கள், அந்த ஆற்றுப்படுகை விழுதல் உட்பட, ஒரு விரிசல்கூட இல்லை. சரியான இடம் முதலிலிருந்தே கண்முன் இருந்தது. ஏற்கெனவே துளை இருக்கிறது என்பதைப் பார்த்த நான், அது எதைத் தாங்குவதற்காகப் போட்ட துளை என்பதைப் பார்க்கவில்லை.

பரணில் இருக்கும் பெட்டியின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கழற்றிய ஒவ்வொரு பாகமும், எந்த போல்ட் எங்கே, எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் பின் மட்கார்டை வரைந்து, இடது விளிம்பிலிருந்து அளந்து ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். "8 மி.மீ. ஓட்டை. மூன்றாம் நாள், சுமைத் தாங்கி முறிந்தபோது போட்டது. இப்போது தேவையில்லை. கறுப்பு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன். குரோம் பூசுகிறவரிடம் கொடுத்தால் அடைத்துவிடலாம். மன்னிக்கவும்."

போன வாரம் அந்தப் பெரியவர் வண்டியைப் பார்க்க வந்திருந்தார். உயர்ந்த ஹேண்டில்பாரையும் மண் படிந்த சக்கரத்தையும் பார்த்து ஒன்றும் சொல்லாமல், மெதுவாகக் குனிந்து ஸ்டீயரிங் தலையிலிருந்து கீழ்க்குழாய் வரை சட்டத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். பின்பக்கம் வந்ததும் விரல் அந்த ரப்பர் அடைப்பானில் நின்றது. நான் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பின்னால் உட்கார இடம் வைத்திருக்கிறாயா, தம்பி?" என்று கேட்டார்.

சுமைச் சட்டத்தைக் கழற்றி ஃபுட்ரெஸ்ட்டுகளைத் திரும்ப மாட்ட நான்கு போல்ட், பதினைந்து நிமிடம் ஆனது.